காப்சியன் சாம்பல் மேடுகளும் அமாசிகர் முன்னோரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

துனீசியாவின் தென்மேற்கே காஃப்சா நகரைச் சுற்றியும், எல்லைக்கு அப்பால் அல்ஜீரியாவின் தெபெஸ்ஸா வட்டாரத்திலும் சாம்பல் நிற மேடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மண்திட்டு போலத்தான் தோன்றும். அருகில் சென்று ஒரு கைப்பிடி அள்ளினால் விரல்களில் ஒட்டுவது மண்ணைவிடச் சாம்பலே அதிகம். அதற்குள் நெருப்பில் சுட்டு வெடித்த கூழாங்கற்கள், தீக்கோழி முட்டை ஓட்டின் சில்லுகள், நகத்தளவே உள்ள கல் கத்திகள், எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணி மாளாத நத்தை ஓடுகள். உள்ளூர் அரபு வழக்கில் இந்த மேட்டுக்கு ‘ரம்மாதியா’ என்று பெயர். ‘ரமாத்’ என்றால் சாம்பல். பிரெஞ்சு ஆய்வாளர்கள் நத்தையை முன்வைத்துப் பெயரிட்டார்கள், ஊர்க்காரர்கள் சாம்பலை முன்வைத்தார்கள். உள்ளே இருப்பதன் அளவைப் பார்த்தால் இரு பெயர்களுமே பொருத்தமானவைதான்.

காஃப்சாவின் பழைய ரோமானியப் பெயர் காப்ஸா. அந்தப் பெயரைக் கொண்டே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழாக் தெ மோர்கன் இந்தப் பண்பாட்டுக்குக் ‘காப்சியன்’ என்று பெயர் சூட்டினார். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இந்தப் பண்பாட்டின் மக்கள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு உழவோ மட்பாண்டமோ தெரியாது. வட ஆப்பிரிக்காவின் பழங்குடிகளும் இன்று தங்களை ‘அமாசிக்’, பன்மையில் ‘இமாசிகன்’, என்று அழைத்துக்கொள்பவர்களுமான பெர்பர் மக்களின் நேரடி முன்னோர் இவர்களே என்ற கருத்து, கடந்த நூறாண்டுகளில் பாடநூல் உண்மை போல நிலைபெற்றுவிட்டது. அந்தக் கருத்து எப்படிப் பிறந்தது, அண்மைக் கால மரபணுச் சான்றுகள் அதில் எதை உறுதிப்படுத்தின, எதை உடைத்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியிலிருந்தே தேடிய பழக்கம்

பெர்பர் மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி மிகப் பழையது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு: அவர்கள் வேறெங்கிருந்தோ வந்தவர்களாகவே இருக்க வேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் குறிப்பிடும் மாக்சியர் என்னும் லிபிய இனக்குழு, தாங்கள் டிராய் நகரத்தாரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டதாம். ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட், ஹெர்குலிசின் படையோடு ஸ்பெயினுக்கு வந்து சிதறிய மேதியர், பாரசீகர், ஆர்மீனியர் ஆகியோர் உள்ளூர் மக்களோடு கலந்த கதையைப் பதிவு செய்தார். 6ஆம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ், யோசுவாவுக்கு அஞ்சி ஓடிவந்த கானானியரின் வாரிசுகள் என்றார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் பல வம்சாவளிகளைச் சலித்தெடுத்த பின்னர், கானானின் மகன் மாசிக்கின் மரபினர் என்ற வழியையே ஏற்றார். ஆக, டிராயும் பாரசீகமும் கானானும் வந்து போயின. அதே மலைகளிலும் சமவெளிகளிலும் ஏற்கெனவே வாழ்ந்திருந்தவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் இடம்பெறவில்லை.

காலனி ஆட்சிக்காலத் தொல்லியல் இந்தப் பழக்கத்தை விடவில்லை, கதைமாந்தரை மட்டும் மாற்றியது. புராண வீரர்களின் இடத்தில் மண்டையோடுகள் வந்தன. வட ஆப்பிரிக்காவின் கடைப் பழங்கற்காலப் பண்பாட்டுக்குப் பிரெஞ்சு ஆய்வாளர் பால் பல்லாரி 1909இல் ‘இபெரோமௌருசியன்’ என்று பெயரிட்டார். ஐபீரியாவோடு, அதாவது ஸ்பெயினோடு, அதற்குத் தொடர்பு இருந்தது என்ற ஊகம் அந்தப் பெயருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. ஊகம் பிழையென்று பின்னர் தெரிந்தும் பெயர் மட்டும் மாறவில்லை. அந்த மக்களின் தடித்த எலும்பும் அகன்ற முகமும் கொண்ட மண்டையோடுகள் ‘மெஷ்தா-அஃபாலு’ வகை எனப்பட்டன. காப்சியன் மேடுகளில் கிடைத்த, ஒப்பீட்டளவில் மெல்லிய மண்டையோடுகள் ‘ஆதி மத்தியதரைக்கடல்’ வகை எனப்பட்டன. இரண்டாம் வகையினர் கிழக்கிலிருந்து வந்து முதல் வகையினரை ஒதுக்கினார்கள், அவர்களிடமிருந்தே இன்றைய பெர்பர் மக்கள் தோன்றினார்கள் என்பது கதையின் முடிவு. பெர்பர் ஆய்வில் பெரும் மதிப்புப் பெற்ற காப்ரியேல் காம்ப்ஸ் காப்சியன் மக்களைப் பெர்பர் மரபின் தொடக்கமாக முன்வைத்தபோது அவருக்கு அடித்தளமாக இருந்தது இந்த வகைப்பாடுதான்.

இதில் உறுத்தும் ஒரு செய்தி உண்டு. பழைய மக்களுக்கு முத்திரை வகையாக வைக்கப்பட்ட மெஷ்தா அல்-அர்பி மண்டையோடுகள் கிடைத்த இடமே ஒரு காப்சியன் நத்தை மேடுதான். அதாவது, ‘காப்சியருக்கு முந்தியவர்’ என்று அடையாளப்படுத்தப்பட்ட முகம் காப்சியரின் அடுப்புச் சாம்பலுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டது. இந்த ஒரு செய்தியே வகைப்பாட்டை ஐயத்துக்குள்ளாக்கியிருக்க வேண்டும். ஆனால், பழைய இனத்தார் எஞ்சியிருந்து புதியவர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்றொரு விளக்கம் ஒட்டுப்போடப்பட்டு, கதை மேலே நகர்ந்தது.

மேடும் வாயும்

மரபணுவுக்குப் போகும் முன், இந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் சிறிது நேரம் நிற்பது பயனுடையது. ஏனெனில் ‘தொடர்ச்சி’, ‘இடைமுறிவு’ என்னும் சொற்களுக்கு அங்கேதான் பொருள் கிடைக்கிறது.

நத்தை ஓடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து, காப்சியர் நத்தையை மட்டுமே தின்று வாழ்ந்ததாகத் தொடக்க கால ஆய்வாளர் சிலர் கருதினர். ஒரு நத்தையில் உள்ள இறைச்சி சிறிது, ஓடோ அழியாதது. ஒரு காட்டு மாடு தரும் இறைச்சிக்கு ஈடு செய்ய நத்தைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எனவே மேட்டின் கனஅளவை வைத்து உணவின் பங்கைக் கணிப்பது ஏமாற்றிவிடும். அதே அடுக்குகளில் ஹார்ட்டிபீஸ்ட் என்னும் பெரிய மானினம், காட்டு மாடு, பார்பரி ஆடு, முயல் ஆகியவற்றின் எலும்புகளும் கிடைக்கின்றன. டேவிட் லுபெல் குழுவினர் 1970களில் அல்ஜீரியாவின் அயின் மிஸ்தெஹியா, கெஃப் ஸூரா ஆகிய இடங்களில் மண்ணைச் சலித்து, எலும்பையும் ஓட்டையும் முறையாக எண்ணிய பிறகுதான் நத்தை துணையுணவு என்ற நிலை தெளிவானது. வெடித்த கற்களின் குவியல், கல்லைச் சுட்டு உணவை வேகவைத்த முறையைக் காட்டுகிறது. தீக்கோழி முட்டையில் சிறு துளையிட்டு நீர்க்குடுவையாக்கி, துளையைச் சுற்றிக் கோடுகளும் வலைப்பின்னலும் செதுக்கியிருக்கிறார்கள். பாலைவன ஓரத்தில் தண்ணீரைச் சுமந்து செல்ல வேண்டியவர்களுக்கு அது அணிகலன் மட்டுமாக இருந்திருக்க முடியாது.

கல் கருவிகளில், பெரிய அலகுகளைக் கொண்ட ‘இயல்புக் காப்சியன்’, சிறிய நுண்கற்களைக் கொண்ட ‘மேல் காப்சியன்’ என இரண்டு பிரிவுகள் சொல்லப்பட்டன. இவ்விரண்டும் ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்த இரு குழுக்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்வந்த காலக்கணிப்பும் கருவிச் செய்முறை ஆய்வும், ஒன்றன் பின் மற்றொன்று வந்ததையும், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் கல்லைத் தட்டி உடைப்பதற்குப் பதிலாக அழுத்திச் சீவும் புதிய நுட்பம் பரவியதையும் காட்டின. வட அரைக்கோளம் திடீரெனக் குளிர்ந்து வறண்ட 8,200 ஆண்டு நிகழ்வுக்கு அருகில் இந்த மாற்றம் விழுவது கவனிக்கத்தக்கது.

இன்னும் கூர்மையான தடயம் வாய்க்குள் இருக்கிறது. இபெரோமௌருசியன் மக்களில் வளர்ந்தவர்கள், ஆண் பெண் இருபாலரும், மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டையும் வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கிய குழி ஆறி மூடியிருப்பதால் இது உயிரோடிருந்தபோது, இளவயதிலேயே செய்யப்பட்டது என்று தெரிகிறது. காப்சியரிடமும் இந்த வழக்கம் தொடர்கிறது, ஆனால் உருமாறியிருக்கிறது: பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது, சில நேரம் கீழ்ப்பற்களும் சேர்த்து எடுக்கப்படுகின்றன. ஒரு சமூகத்தில் யார் உறுப்பினர் என்பதை முகத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் இது. இதை அந்நியர் வந்து பார்த்துக் கற்றுக்கொள்வது அரிது. வகைப்பாட்டாளர்கள் இரு இனங்களைக் கண்ட இடத்தில், பற்கள் ஒரே மரபின் திரிபைக் காட்டின. மண்டையோட்டை அளந்தவர்கள் அதன் வாயைப் போதிய கவனத்தோடு பார்த்திருந்தால் விவாதம் அரை நூற்றாண்டு முன்பே திசை மாறியிருக்கும் என்பது என் கருத்து.

தஃபொரால்ட்டிலிருந்து வந்த சான்று

மொராக்கோவின் கிழக்கே, பெர்கான் நகருக்கு அருகில், பெனி ஸ்னாசென் மலையில் தஃபொரால்ட் குகை உள்ளது. புறாக் குகை என்றும் அதைச் சொல்வார்கள். பாதிரியார் ழான் ரோஷ் 1940களிலும் 50களிலும் அங்கே அகழ்ந்தபோது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய இடுகாடுகளில் ஒன்று வெளிப்பட்டது. 2003 முதல் நிக் பார்ட்டனும் அப்துல் ஜலீல் பூஸூக்கரும் புதிய முறையில் அகழ்வைத் தொடர்ந்தனர். குகையின் பின்பகுதியில், பார்பரி ஆட்டின் கொம்புகளோடு நெருக்கமாகப் புதைக்கப்பட்ட உடல்கள் சுமார் 15,000 ஆண்டுப் பழமையானவை. அங்கிருந்த பெரியவர்களின் பற்களில் ஏறத்தாழ பாதி சொத்தை. உழவு தொடங்காத காலத்தில் இவ்வளவு சொத்தைப் பற்கள் இருப்பதற்கு, மாவுச்சத்து மிகுந்த ஓக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் சேமித்துத் தின்ற பழக்கம் காரணம் என்று 2014இல் லூயிஸ் ஹம்ஃப்ரி குழுவினர் காட்டினர்.

2018இல் இதே குகையின் ஏழு பேருடைய மரபணுத்தொகுதி வெளியானது. மூன்று முடிவுகள் முக்கியமானவை. முதலாவதாக, ஐரோப்பாவின் அக்கால வேட்டைச் சமூகத்தினரிடமிருந்து வந்த கலப்பு எதுவும் இல்லை. ‘இபெரோ’ என்ற முன்னொட்டுக்கு அத்துடன் இறுதிச் சடங்கு முடிந்தது. இரண்டாவதாக, அவர்களின் மரபில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இஸ்ரேல்–ஜோர்டான் பகுதியின் நட்டூஃபியன் மக்களை ஒத்திருந்தது. நட்டூஃபியர் மொராக்கோவுக்கு வந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தஃபொரால்ட் மக்கள் நட்டூஃபியருக்குச் சமகாலத்தவர் அல்லது சற்று மூத்தவர், ஆகவே இருவருக்கும் பொதுவான இன்னும் பழைய ஒரு மூலத்தையே அது சுட்டுகிறது. மூன்றாவதாக, எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள மக்களோடு தொடர்புடையது எனக் கணிக்கப்பட்டாலும், அறியப்பட்ட எந்த மக்கள்தொகையோடும் அது சரியாகப் பொருந்தவில்லை.

தாய்வழியில் யூ6, எம்1 ஆகிய கிளைகளும், தந்தைவழியில் பெரும்பாலும் ஈ-எம்78 கிளையும் கிடைத்தன. யூ6 இன்றைய பெர்பர் மக்களிடமும் உள்ளது. ஆகவே தாய்வழியின் ஒரு நூல் 15,000 ஆண்டுகளாக அறுபடாமல் வந்திருக்கிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

மூன்றாவது முடிவின் புதிருக்கு 2025இல் வேறொரு திசையிலிருந்து விடை வந்தது. தென்மேற்கு லிபியாவின் தத்ரார்த் அக்காக்குஸ் மலையில் தக்கர்கோரி என்னும் பாறை நிழலிடத்தில், இயற்கையாகவே உலர்ந்து பதப்பட்ட இரு பெண்களின் உடல்கள் முன்பே அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தன. இன்று மணல் மட்டுமே உள்ள அந்த இடத்தில், 7,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கால்நடை மேய்த்து வாழ்ந்தார்கள். அப்போது சகாரா ஏரிகளும் புல்வெளிகளும் நிறைந்த பசுமைக் காலத்தில் இருந்தது. அவர்களின் மரபணு, ஆப்பிரிக்காவை விட்டு மனிதர் வெளியேறிய காலத்தை ஒட்டியே தெற்கத்திய மரபுகளிலிருந்து பிரிந்து, வட ஆப்பிரிக்காவிலேயே தனித்து நின்ற ஒரு பழைய கிளையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. தஃபொரால்ட்டின் விளங்காத பங்கு இந்தக் கிளையோடு நன்றாகப் பொருந்துகிறது. தெற்கிலிருந்து வந்ததாகக் கருதப்பட்டது, வடக்கிலேயே இருந்த ஆனால் அதுவரை எவரும் கண்டிராத ஓர் உள்ளூர் மரபு. வெளியிலிருந்தே தேடும் பழைய பழக்கம் மரபணு ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்று நீரோட்டங்கள்

காப்சியரின் சொந்த நிலமான கிழக்கு மக்ரெப் (வடமேற்கு ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி) பற்றிய நேரடிச் சான்றும் 2025இல்தான் கிடைத்தது. துனீசியா, அல்ஜீரியா ஆகிய நாடுகளின் தொல்லெலும்புகளை ஆராய்ந்தபோது, அந்தப் பகுதியில் பழைய வேட்டைச் சமூக மரபு புதிய கற்காலத்தின் ஊடாகவும் பெருமளவு நீடித்தது தெரிந்தது. துனீசியாவின் ஜெப்பாவில் 8,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடம் சிறிதளவு, சுமார் ஆறு விழுக்காடு, ஐரோப்பிய வேட்டைச் சமூக மரபும் இருந்தது. தொல்லியலாளர்களுக்கு இது முழு வியப்பாக இருந்திருக்காது. துனீசியக் கடற்கரையின் ஹெர்க்லாவில் காப்சியர் பயன்படுத்திய எரிமலைக் கண்ணாடிக் கல், சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே உள்ள பாந்தெல்லேரியா தீவிலிருந்து வந்தது என்பது முன்பே தெரியும். கல் கடல் தாண்டி வந்த வழியில் மனிதரும் வந்தனர்.

மேற்கில், மொராக்கோவில், கதை வேறு விதமாக நடந்தது. தெத்வானுக்கு அருகிலுள்ள கஃப் தஹ்த் அல்-கார் குகையில், 7,400 ஆண்டுகளுக்கு முன், ஐபீரியாவிலிருந்து ஜலசந்தியைக் கடந்து வந்த உழவர்களின் மரபணு தென்படுகிறது. ஆனால் உட்பகுதியில் இஃப்ரி ந் அம்ர் ஊ மூசாவில், ஐபீரியக் கடற்கரைப் பாணியில் சிப்பி ஓட்டால் அழுத்தி அலங்கரித்த மட்பாண்டத்தோடு புதைக்கப்பட்டவர்கள், மரபில் தஃபொரால்ட் மக்களின் நேர்வாரிசுகள். ஓரிடத்தில் பானையோடு ஆட்கள் வந்தார்கள், மற்றோரிடத்தில் பானை மட்டும் வந்தது. பானையை வைத்து மக்களை அடையாளம் காணும் பழைய முறைக்கு இந்த இரு குகைகளும் பக்கத்தில் பக்கமாக நின்று எதிர்வாதம் செய்கின்றன. ஓராயிரம் ஆண்டுகள் கழித்து, ரபாத் அருகே ஸ்கிராத்-ரூவாசியில், மத்தியதரைக்கடலின் கிழக்குக் கரையான லெவான்ட்டின் மரபைச் சேர்ந்த மேய்ப்பர்கள் தோன்றுகிறார்கள். கிழக்கு மக்ரெப்பை அவர்கள் அதற்கு முன்பே எட்டியிருந்தார்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கெஹ்ஃப் அல்-பாரூதில் வாழ்ந்தவர்களில் உள்ளூர் மரபும் ஐபீரிய உழவர் மரபும் ஏறத்தாழ சரிபாதியாகக் கலந்துவிட்டன.

உள்ளூர் வேட்டைச் சமூகம், ஐபீரிய உழவர், லெவான்ட் மேய்ப்பர் ஆகிய மூன்றும் இன்றைய அமாசிக் மக்களின் உடலில் உள்ளன. காப்சியர் இவற்றுள் முதலாவதன் கிழக்குக் கிளை. அவர்கள் முன்னோர்தான், ஆனால் அவர்கள் மட்டும் முன்னோர் என்பதோ, அவர்களோடு கதை தொடங்கியது என்பதோ நிற்காது. இங்கே இன்னொரு பழைய பெயரையும் கைவிட வேண்டியிருக்கிறது. சகாராவின் பெரும்பகுதியில் கிடைத்த புதிய கற்காலப் பொருள்களையெல்லாம் ரேமோன் வோஃப்ரே ‘காப்சியன் மரபுப் புதிய கற்காலம்’ என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார். காஃப்சாவைச் சுற்றியிருந்த ஒரு வட்டாரப் பண்பாடு கண்டத்தின் கால்பகுதிக்கு முன்னோராக வீங்கியதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

மொழியின் காலம்

மரபணு ஒரு வயதைச் சொல்கிறது, மொழி வேறொரு வயதைச் சொல்கிறது. எகிப்தின் சீவா சோலையிலிருந்து அட்லாண்டிக் கரை வரையிலும், கபீலியா மலையிலிருந்து நைஜரின் துவாரெக் கூடாரங்கள் வரையிலும் பரந்திருக்கும் பெர்பர் மொழிகள், அந்தப் பரப்போடு ஒப்பிடும்போது தமக்குள் வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. பத்தாயிரம் ஆண்டுகள் பிரிந்திருந்த மொழிகள் இப்படி இருக்க மாட்டா. காப்சியர் ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தின் ஏதோவொரு மூத்த கிளையைப் பேசியிருக்கலாம். இன்று நாம் பெர்பர் என்று அழைக்கும் வடிவம், மிகப் பின்னர் ஒரு புள்ளியிலிருந்து வேகமாகப் பரவி, அதற்கு முன்பிருந்த உறவு மொழிகளை மூடிவிட்டது என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

கடன்சொற்களும் இந்தப் பிந்திய காலத்தின் தடங்களையே தாங்கி நிற்கின்றன. சுவர், அரண் என்ற பொருள்தரும் ‘அகாதிர்’ பியூனிக், அதாவது பழைய கார்த்தேஜ் நகரத்தாரின் மொழியின், சொல். கழுதைக்குட்டியைக் குறிக்கும் ‘அஸ்னுஸ்’, தோட்டத்தைக் குறிக்கும் ‘உர்தி’ ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. அமாசிக் புத்தாண்டான ‘யென்னாயர்’ கூட ரோமானியரின் ஜனவரிதான்; அல்ஜீரியா 2018 முதல் அதை அரசு விடுமுறையாகக் கொண்டாடுகிறது.

இதோடு இணைத்துப் பார்க்க வேண்டியது தந்தைவழிச் சான்று. இன்றைய பெர்பர் ஆண்களில் மிகப் பெரும்பான்மையாகக் காணப்படும் ஈ-எம்183 கிளை, தஃபொரால்ட்டின் ஈ-எம்78 கிளையிலிருந்து வேறுபட்டது; இன்று அதைச் சுமப்பவர்கள் அனைவரும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டுகளுக்குள் வாழ்ந்த ஒரே ஆணிடம் போய்ச் சேருகிறார்கள் என்று 2017இல் வந்த ஆய்வு கணித்தது. மொழி ஒருபடித்தானதும், ஒரு தந்தைவழி திடீரெனப் பெருகியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விழுகின்றன. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாஸினிஸ்ஸா போன்ற, வட ஆப்பிரிக்காவின் பழைய நாடான நுமீடியாவின் அரசர்கள் குலங்களை ஒன்றிணைத்துப் பேரரசு கட்டியதும் இதே காலத்தில்தான் என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது.

துனீசியாவின் துக்கா நகரில் அந்த மாஸினிஸ்ஸாவுக்குக் கி.மு. 138இல் எழுப்பிய கோயிலின் கல்வெட்டு பியூனிக், லிபியன் (பெர்பரின் பழைய உறவு மொழி) என இரு மொழிகளில் வெட்டப்பட்டுள்ளது. ஆண்டு தெரிந்த கல்லில் லிபியன் மொழி நமக்குக் கிடைப்பது அங்கேதான். துக்காவுக்குத் தெற்கே காஃப்சாவின் சாம்பல் மேடுகளில் கடைசி அடுப்பு அணைந்து அப்போதே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.